வச்சிரம் சேராத பெயர்

பாலாற்றில் தண்ணீர் ஓடாத வருடங்களிலும் ஆம்பூர்ப் பக்கத்தில் சங்கங்களுக்குக் குறைவு இருந்ததில்லை. தோல் வாங்குகிறவர்களுக்கு ஒரு சங்கம், விற்கிறவர்களுக்கு ஒரு சங்கம், இந்த இரண்டு சங்கத்தாரும் சட்டையைப் பிடித்துக்கொண்டால் விலக்கிவிட ஒரு சங்கம். இவையெல்லாம் போதாதென்று, சுதந்திரம் வந்து சில வருடங்கள் கழித்து, ஆற்றங்கரையோரத்துத் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிகள் சிலர் சேர்ந்து ‘ஆசைகாட்டல் தடுப்புச் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள்.

காரணம் சின்னதுதான். ஒரு முதலாளி பண்டிகைக்குத் தன் ஆட்களுக்கெல்லாம் புது லுங்கி கொடுத்துவிட்டார். அடுத்த ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்றுகொண்டிருந்தவர்கள் அந்த லுங்கியைப் பார்த்தார்கள். தங்கள் லுங்கியையும் பார்த்தார்கள். மறுவாரம் அங்கே போய்விட்டார்கள். இந்த அக்கிரமத்தை இப்படியே விடக்கூடாது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். லுங்கி கொடுத்தவரும் அந்தக் கூட்டத்துக்கு வந்து, இனிமேல் இப்படி நடக்காது என்று உறுதி சொன்னார்.

சங்கத்துக்குத் தலைவராக, தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற கோவிந்தராஜ் வந்தார். அவர் தம்மோடு இரண்டு சாமான்களைக் கொண்டுவந்தார். ஒன்று, சாய்வு நாற்காலி. மற்றொன்று, ஓர் ஆங்கில வார்த்தை.

“செட்யூஸ் என்று ஒரு பதம் இருக்கிறது,” என்றார் முதல் கூட்டத்தில். “ஆசையைக் காட்டி, மனத்தைக் கலைத்து, ஒருவனை அவன் இருக்கவேண்டிய இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போவது. ஆதியில் பாம்பு செய்தது அதுதான். இன்று லுங்கி செய்வதும் அதுதான். அன்பர்களே, பழத்துக்கும் லுங்கிக்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை.”

எல்லோரும் கை தட்டினார்கள்.

சங்கத்துக்கு இரண்டே விதிகள். ஆசையில் மயங்கினவனைப் பழைய இடத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆசை காட்டினவன் பெயரை ஷாப்பு வாசல் சுவரில் எழுத வேண்டும். சுவரில் பெயர் ஏறினவருக்கு ஆற்றங்கரையில் எந்த ஷாப்பிலும் வேலை கிடையாது.

சுவரில் பெயர் எழுதுவதற்கும் ஒரு முறை இருந்தது. முதலில் ஒரு சதுரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அது காய்ந்ததும் பெயிண்டர் செங்கல்வராயன் வந்து கறுப்பில் எழுதுவான். தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையை அந்தக் கறுப்பில் கலப்பான். வச்சிரம் சேர்ந்த எழுத்தை மழை தொடாது, வெயில் தொடாது. சுண்ணாம்பு அடிக்கிற வேலை, குழியில் வேலை செய்த தேவசகாயத்துக்கு வந்தது. வாரம் முழுக்கச் சுண்ணாம்பில் நிற்கிறவன். இன்னும் ஒரு வாளி அவனுக்கென்ன பாரம் என்று முதலாளி சொன்னார்.

தேவசகாயம் பெண்டாட்டியை இழந்தவர். மாதா கோவிலுக்குத் தவறாமல் போகிறவர். பெரியவர்கள் நாலு பேர் மேஜை போட்டு உட்கார்ந்து ஒன்று சொன்னால் அதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று நம்புகிறவர். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்தச் சதுரத்தில் யார் பெயர் என்பது தெரியும்; எல்லாம் அவர் அடித்த சுண்ணாம்பு.

சுவரில் ஏறின முதல் பெயர்களில் ஒன்று, வாசலுக்கு எதிரே டீ விற்ற அன்வரி பேகத்தினுடையது. அவள் டீயில் ஏலக்காய் தட்டிப் போடுவாள். ஊறல் தோலின் நாற்றத்தையும் மீறி அந்த வாசனை மதில் தாண்டி உள்ளே வந்து, வேலை நேரத்தில் ஆட்களை செட்யூஸ் செய்கிறது என்று புகார். சங்கத்தார் நேரிலேயே போய் விசாரித்தார்கள். தலைவர் ஒரு டம்ளர் குடித்தார். சந்தேகம் தீரவில்லை. இன்னொன்று குடித்தார். மற்றவர்களும் அவரவர் சந்தேகம் தீருமட்டும் குடித்தார்கள்.

“இன்னா சார், காசு?” என்று அன்வரி பேகம் கேட்டாள்.

“சாட்சிப் பொருளுக்கு யாராவது காசு கொடுப்பார்களா?” என்று தலைவர் திகைத்தார்.

மறுநாள் அவள் பெயர் சுவரில் ஏறியது. வேலை நேரத்தில் ஏலக்காய் கூடாது என்று உத்தரவும் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஜன்னல். ஆற்றுப் பக்கமாக இருந்த அந்த ஜன்னல் வழியாகச் சாயங்காலத்தில் காற்று வரும். தோலை விரிக்கிறவர்கள் அங்கே வந்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார்கள். காற்று செட்யூஸ் செய்கிறது என்று தலைவர் கண்டுபிடித்தார். காற்றின் பெயரைச் சுவரில் எழுதிப் பிரயோஜனமில்லை என்பதால், ஜன்னல் செய்த தச்சன் பெயரை எழுதினார்கள். தச்சன் செத்துப் பல வருடமாகியிருந்தது. “ஆகவே அவருக்கு வேலை நஷ்டம் எதுவும் இல்லை. சங்கம் ஈவிரக்கம் உள்ளது,” என்றார் தலைவர்.

இதற்கெல்லாம் தேவசகாயம் சதுரம் சதுரமாகச் சுண்ணாம்பு அடித்தார். பெரியவர்களுக்கு மூக்கு கூர்மை, இல்லாவிட்டால் ஏலக்காயைக் கூடவா கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் அவருடைய ஒரே மகள் சுந்தரிக்கு அந்தச் சங்கடம் வந்தது.

சுந்தரி அதே ஷாப்பில், தோல் பதனிட வாங்கும் ஆவாரம்பட்டைக் கொட்டகையில் வேலை செய்தாள். பட்டையை எடை போட்டு வாங்குகிறவன் நந்தகோபால் என்கிற கணக்குப்பிள்ளை. வெள்ளைச் சட்டை, எண்ணெய் மினுங்கும் கிராப்பு. வெயில் ஏறினால், “நிழல்ல குந்தேன் சுந்தரி, பட்டை எங்க ஓடிடப் போவுது,” என்பான். அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. தாயில்லாத பெண். பிறகு கண்ணாடி வளையல் வந்தது. பிறகு, தை மாசத்தில் கட்டிக்கொள்கிறேன் என்ற வார்த்தை வந்தது. தை வந்தது, போயிற்று. பங்குனி முடிவதற்குள் சுந்தரியால் சோற்று வாசனையைப் பொறுக்க முடியவில்லை. நந்தகோபால் அவளை ஏறிட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டான்.

மகள் சொன்னதைக் கேட்டுத் தேவசகாயம் அவளை அடிக்கவில்லை. எழுந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

“எங்கப்பா போற?”

“சங்கத்துக்கு. ஏலக்காய் வாசனைக்கே நாயம் சொன்னவங்க. உன்ன வுட்டுருவாங்களா?”

“வேணாம்ப்பா. அந்த ஆளுங்க முன்னால என்னால நிக்க முடியாது.”

“நான் பக்கத்துல நிக்கறேன், தாயி. அவன் தலய ஒண்ணும் வாங்கச் சொல்லல. குடுத்த வார்த்தய நிறைவேத்தச் சொல்லுங்கன்னுதான் கேக்கப் போறேன்.”

தோல் தரம் பிரிக்கும் அறையில் விசாரணை நடந்தது. நீள மேஜை, அதன்மேல் பச்சைத் துணி, ஆளுக்கொரு சோடா பாட்டில். தேவசகாயம் கைகட்டி நின்று, நடந்ததைச் சொன்னார். கடைசியில், “அதாங்கய்யா, நீங்க சொல்லுவீங்களே, செட்யூஸ், அது நடந்துபோச்சு,” என்றார்.

தலைவர் சோடாவைக் கீழே வைத்தார்.

“அந்த வார்த்தையை இங்கே யார் சொன்னது?”

“நீங்கதாங்கய்யா. போன மாசம் ஜன்னலுக்குச் சொன்னீங்க.”

“ஜன்னலுக்குச் சொல்லலாம். டீக்குச் சொல்லலாம். ஒரு பெண் பிள்ளையை நிறுத்திவைத்துக்கொண்டு அந்தப் பதத்தை உச்சரிப்பது எவ்வளவு அநாகரிகம் என்று தெரியுமா? இது கௌரவமானவர்கள் உட்காரும் சபை.”

தேவசகாயம் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கே புரியவில்லை.

நந்தகோபாலைக் கூப்பிட்டார்கள். அவன் பணிவோடு சொன்னான்: “பட்டை எடை போடும் சமயம் இந்தப் பெண் சிரித்தது. எனக்குக் கணக்குத் தப்பியது. மறுபடியும் சிரித்தது. மறுபடியும் தப்பியது.”

தலைவர் சுந்தரியின் பக்கம் திரும்பினார். “நீ சிரித்தது உண்டா?”

“சிரிச்சேங்க.”

“எதற்காக?”

சுந்தரி தரையைப் பார்த்தாள். “சந்தோஷமா இருந்திச்சுங்க.”

“குறித்துக்கொள்ளுங்கள்,” என்றார் தலைவர். “சந்தோஷம். வேலை நேரத்தில்.”

“அவரு வார்த்த குடுத்தாருங்க. தை மாசம் கட்டிக்கறேன்னு.”

“அதற்கு யார் சாட்சி?”

“சாமிதாங்க.”

“சாட்சி ஆஜராகவில்லை,” என்று தலைவர் எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த அறையில் ஆஜராகாதவர் யார் என்பதை அவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் சோடா அவருக்கு இறங்கியிருக்காது.

பிறகு அவர் எழுந்து நின்று பேசினார். அந்தப் பேச்சு அவருடைய சிறந்த பேச்சுகளில் ஒன்று என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள்.

“அன்பர்களே, நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இருக்கவேண்டிய இடத்திலிருந்து நகர்ந்தது யார்? இந்தப் பெண் பட்டைக் கொட்டகையில் இருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அவள் நகரவில்லை. கணக்குப்பிள்ளையின் கவனமோ கணக்கை விட்டு நகர்ந்திருக்கிறது. கவனம் யாருடைய சொத்து? ஷாப்பினுடையது. ஆகவே இழந்தது யார்? நாம். பாவம், நம்முடைய நந்தகோபால் ஆசையில் மயங்கிய கட்சி. விதிப்படி அவரைப் பழைய இடத்தில் சேர்க்கிறோம். அவர் மனம் இனியும் சிதறாதபடி, நாற்காலிக்கு ஒரு மெத்தை போடவும் சிபாரிசு செய்கிறேன். ஆசை காட்டிய கட்சியின் பெயர் சுவரில் ஏறும். என்னிடம் கடுமை கிடையாது. எனக்கும் மகள்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பட்டைக் கொட்டகைக்குப் போவதில்லை.”

கை தட்டல் அடங்கினதும் தேவசகாயம் கேட்டார்: “அய்யா, அப்ப கல்யாணம்?”

“அது சங்கத்தின் வரம்புக்குள் வராது, தேவசகாயம். காலையில் சுண்ணாம்பு அடித்துவிடு.”

காலையில் அவர் சுண்ணாம்பு அடித்தார். சதுரம் கோணலாக வந்தது. அன்வரி பேகத்தின் பெயருக்குக் கீழே இருந்த இடம் அது. முடித்துவிட்டுச் சுவரோரமாகக் குந்திக்கொண்டார். செங்கல்வராயன் வாளியும் தூரிகையுமாக வந்து எழுதினான். காவல்காரன் பீடி பற்றவைக்க அந்தப் பக்கம் போனதும், திரும்பிப் பாராமலே சொன்னான்:

“ண்ணே, அழுவாத. வச்சிரம் போடல.”

“இன்னாடா சொல்ற?”

“கறுப்புல வச்சிரம் கலக்கல. வெறும் கரித்தூளு, தண்ணி. ஒரு மழ அடிச்சா போதும், பேரு காணாப்பூடும். ஆனா நீ கை வெக்கக்கூடாது. ஈரத்துணி பட்டாலே கரஞ்சிரும். அப்ப எவன்டா எழுதனவன்னு என்னப் புடிப்பானுங்க. எனக்கு நாலு புள்ளைங்க. மழ அழிச்சா எவன் கேப்பான்?”

தேவசகாயம் அவன் கையைப் பிடித்தார். கறுப்பு அவர் கையிலும் ஒட்டியது. அதை அவர் அன்று முழுவதும் கழுவவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். “ஒரே ஒரு மழ, தாயி. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்க.”

சித்திரை மாதம். ஆற்று மணல் கொதித்தது. வானத்தில் துண்டு மேகம்கூட இல்லை. தேவசகாயம் கோவிலில் முழங்கால் போட்டு மழைக்காக ஜெபம் செய்தார். ஊருக்காக ஜெபிக்கிறார் என்று பாதிரியார் சந்தோஷப்பட்டார். கோவிலுக்குப் போகிற வழியும் கிணற்றுக்குப் போகிற வழியும் அந்தச் சுவரோரமாகவே போயின. பட்டைக் கொட்டகையிலிருந்து நிறுத்தப்பட்ட சுந்தரி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு நின்று சுவரைப் படித்துக் காட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊரில் எல்லோரும் தாராளமாக உதவி செய்தார்கள்.

அன்வரி பேகம் மட்டும் ஒருநாள் மத்தியானம் கதவைத் தட்டினாள். கையில் துணி சுற்றிய தூக்குப் பாத்திரம்.

“ஏலக்காய் போட்டுக்கீறேன். வாசன வெளிய வந்து எவன் பொழப்பையும் கெடுக்கக் கூடாதுல்ல, அதான் துணி சுத்தி எடுத்தாந்தேன். குடிம்மா.” சுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்வரி பேகம் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எம்பேருக்குக் கீழதான் உம்பேர எழுதிக்கீறாங்க. நீ இப்ப என் கீழ்வூட்டுக்காரி. கீழ்வூட்டுக்காரி சாப்டாம கிடந்தா மேல்வூட்டுக்காரிக்குத்தானே பேஜாரு? டீ குடிக்காம வாடி கிடந்தா செத்த தச்சன் வேற பக்கத்து வூட்டுல இருந்து எட்டிப் பாப்பான்.”

சுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே பயந்துபோய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்வரி பேகம் அந்தக் கைகளை எடுத்துவிடப் பார்த்தாள். முடியவில்லை. அவள் பரிகாசக்காரி, எதற்கும் கலங்காதவள் என்று பெயர். அன்று தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள்.

வைகாசி பிறந்தது. வயிறு தெரிய ஆரம்பித்தது. மழை வரவில்லை. ஒருநாள் விடிந்ததும் சுந்தரி ஒரு துணிப்பையில் சேலைகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒடுகத்தூர்ல அத்த ஊட்டுக்குப் போறேம்ப்பா. கடலக் காட்டுல வேல இருக்குதாம். அங்க எனக்குச் சொவரு இல்ல.”

“இன்னும் கொஞ்ச நாளு, தாயி. மழ வந்துரும். வந்துட்டா உம்பேரு இருக்காது.”

“பேரு போனா நாக்கெல்லாம் போயிருமாப்பா?”

தேவசகாயம் பஸ் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சுவர் வந்ததும் அந்தப் பக்கமாக அவர் நடந்து, தம் உடம்பால் அதை மறைத்துக்கொண்டார். ஒல்லியான மனுஷர், எவ்வளவுதான் மறைக்க முடியும்? ஒடுகத்தூர் பஸ்ஸின் கண்டக்டர் ரஃபி அகமது, ஒன்றும் கேட்காமல், கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஜன்னலோர சீட்டைக் காலி செய்து கொடுத்தான்.

நாலாம் நாள் மத்தியானம் வானம் கறுத்தது.

முதலில் புழுதிக் காற்று, பிறகு பெரிய பெரிய துளிகள். குழிக்குள் நின்றிருந்த தேவசகாயம் காலைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடினார். மழை சுவரில் அறைந்தது. அன்வரி பேகத்தின் பெயர் அசையவில்லை. தச்சன் அசையவில்லை. கோணல் சதுரத்தில் இருந்த கறுப்பு மட்டும் மெல்ல இளகிக் கோடு கோடாய் இறங்கி, மண்ணில் சேர்ந்து, ஓடிப்போயிற்று. அவர் தலைத்துண்டு சொட்டச் சொட்ட நின்று கடைசிக் கோடு போகும்வரை பார்த்தார். எதிரே கடையில் அன்வரி பேகம் டீயை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்து நனைந்தாள். பார்க்க வேண்டியவள் அங்கே இல்லை.

சங்கம் அன்று சாயங்காலமே அவசரமாகக் கூடியது. செங்கல்வராயனைக் கூப்பிட்டார்கள்.

“மற்றப் பெயரெல்லாம் நிற்கிறது. இது மட்டும் எப்படிப் போயிற்று?”

“எனக்கின்னா தெரியும் சார்? எழுதறதுதான் நானு. வெக்கறதும் அழிக்கறதும் மேல இருக்கறவரு.”

தலைவர் கூரையை ஒருமுறை பார்த்தார். பிறகு, இதில் மழையின் ஆசைகாட்டல் இருப்பதாகவும், ஓர் எழுத்தை அதன் இடத்திலிருந்து மழை இழுத்துக்கொண்டு போயிருப்பதாகவும் தீர்மானம் நிறைவேறியது. மழையின் பெயரைச் சுவரில் எழுதலாமா என்று வெகுநேரம் விவாதித்தார்கள். எழுதினால் மழை வந்து நனைக்கும் என்று ஒருவர் சொன்னதால் கைவிட்டார்கள். மழைக்காலம் முழுதும் போய்ச் சுவர் நன்றாக உலர்ந்தபின் பெண்ணின் பெயரைத் திரும்ப எழுதுவது என்று ஒத்திவைத்தார்கள். பக்கத்து அறையில் நந்தகோபால் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தப்பும் இல்லாமல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குத் தேவசகாயம் நின்றார்.

“ரஃபி தம்பி, எம்பொண்ணப் பாத்தீன்னா ஒரு சேதி சொல்றியா?”

“சொல்லுங்க மாமு.”

“மழ பெஞ்சுருச்சுன்னு சொல்லு.”

“அவ்ளோதானா? அங்கயுந்தான் பெஞ்சுது மாமு. ரோடெல்லாம் தண்ணி.”

“அங்க பெஞ்சது வேற மழப்பா. ஆம்பூர்ல பெஞ்சுருச்சுன்னு சொல்லு. அவளுக்குப் புரியும்.”

சாயங்காலம் பஸ் திரும்பி வருகிறபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். ரஃபி அகமது இறங்கி, அவரைத் தனியே அழைத்துக்கொண்டு போனான்.

“சொன்னேன் மாமு. கடலக் காட்டுல இருந்து ஆள் வுட்டுக் கூட்டியாந்து சொன்னேன்.”

“வர்றேன்னாளா?”

“இல்ல மாமு. வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. நான் விசில் குடுக்காம நின்னேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.”

“இன்னா கேட்டா?”

“மழையில எங்கப்பா நனஞ்சாரான்னு கேட்டுச்சு.”

தேவசகாயம் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார். நேற்று மழையில் நனைந்த துண்டு; தலையை விட்டு அவிழ்க்கவே இல்லை, இன்னும் ஈரமாக இருந்தது. அதைப் பிழிந்து, நாலாக மடித்து, அவன் கையில் கொடுத்தார்.

“நாளைக்குப் போறப்ப இத அவ கிட்ட குடுத்துடு தம்பி,” என்றார்.